ஆறு பண்ணைக்கீரைச் செடிகள்

"அம்மா, என் செடியில என்னமோ கோளாறு" என்று வந்து நின்றார் சொர்ணவேல்.

கோமதியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சொர்ணவேலைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மனுஷன் அவர் முன்னால் கை கட்டித்தான் நிற்பார்.

"என்ன கோளாறு அண்ணாச்சி?"

"ஒத்தைக் குச்சியா வளருது. கிளையே இல்ல. உச்சியில ஒரே ஒரு மொக்கு."

"பண்ணைக்கீரை அப்படித்தான வளரும்."

"எங்க வீட்டுல அப்படி வளரலியேம்மா!"



முப்பத்து மூன்று வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர் சொர்ணவேல். மனைவி இசக்கியம்மாள் போன வருஷம் காலமாகிவிட்டாள். வீட்டை ஒழிக்கும்போது மூட்டுவலி மாத்திரை டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே மாத்திரை இல்லை. கறுப்பாய், மினுமினுவென்று ஒரு சிட்டிகை விதை.

நான்கு சட்டை, பழைய விசில், அந்த டப்பா. இவ்வளவுதான் அவர் மடத்துக்குக் கொண்டுவந்த சொத்து.

முதல் மழைக்கு விதைத்தார். பழைய விதை, பாவம். ஆறே ஆறுதான் முளைத்தது.

அந்த ஆறும் போய்விட்டால் இசக்கியம்மாள் கை பட்டது என்று சொல்ல உலகத்தில் ஒன்றும் கிடையாது. அதனால் சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டார். தூறலில்கூடக் குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். சமையல்காரி செண்பகம் ஒருநாள் ஆசையாக வந்து, "ரெண்டு கொத்து கிள்ளிக்கிடட்டுமா அண்ணாச்சி? பாசிப்பருப்பு போட்டுக் கடைஞ்சா அமிர்தமா இருக்கும்" என்று கேட்டதுதான் தாமதம், விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. தியானத்தில் இருந்த கோமதியம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பின்கட்டுல" என்றார் சொர்ணவேல், "கார்த்திகை பிறந்தா ரோஸும் வெள்ளையுமா ஒரே பூக்காடா நிக்கும். ஒரு செடிக்கு அம்பது பூ இருக்கும். தெருவுல போறவங்க எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. அது மாதிரி ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்மா. நானும் உரம் போட்டேன், தண்ணி ஊத்துனேன், ஒரு இலையை யாரையும் தொட விடல. இன்னும் என்ன செய்யணும்?"

கோமதியம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

முள்ளைத் தாண்டி உள்ளே போனார். முதல் செடியைச் சற்று நேரம் பார்த்தார். குனிந்து, நுனியை மொக்கோடு நான்கு விரல் நீளம் கிள்ளி எடுத்தார்.

"ஐயையோ! அம்மா!"

கிள்ளியதைச் சொர்ணவேல் கையில் வைத்தார்.

"அது அவ செடிம்மா!"

"எட்டு நாள் கழிச்சு சொல்லுங்க" என்றார் கோமதியம்மா. மறுபடி அரிசி புடைக்கப் போய்விட்டார்.

சொர்ணவேலுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. குருவாவது ஒன்றாவது என்று பையைக் கட்டினார். சட்டை நான்கையும் திணித்த பிறகுதான் செடியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று உறைத்தது. மறுபடி அவிழ்த்தார். யாரோடும் பேசவில்லை.

எட்டாம் நாள் காலையில் அவரே வந்து கூப்பிட்டார்.

"அம்மா, கொஞ்சம் வாங்களேன்."

மற்ற ஐந்து செடியும் பழையபடி ஒற்றைக் குச்சியாக நின்றன. கிள்ளின செடியில் மட்டும் இலைக்கு இலை இடுக்கிலிருந்து துளிர் கிளம்பியிருந்தது. நான் முந்தி நீ முந்தி என்று எட்டுப் பத்துக் கிளை.

"இதேதான்" என்றார். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது முகம். "அவ செடி இப்படித்தாம்மா இருக்கும்!"

"அவங்களும் கிள்ளுவாங்களோ?"

"சேச்சே. அவ பூவுக்காகல்லா வச்சிருந்தா. கிள்ளி நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"காலையில வீட்டுல இருப்பீங்களா?"

"எங்கம்மா! அஞ்சு மணி வண்டி எனக்கு. அதுக்கு முன்னாடி எந்திரிச்சு சமைச்சு, தூக்குவாளியைக் கையில குடுத்துருவா."

"வாளியில என்ன இருக்கும்?"

"மழைக்காலம் வந்துட்டா போதும், கீரைதான். இன்னைக்குக் கடையல், நாளைக்குப் பொரியல், மறுநாள் கூட்டு. 'உம்மைப் புருஷன்னு நெனச்சாளா, ஆடுன்னு நெனச்சாளா'ன்னு டிரைவர் கேப்பான். எனக்கு மானமே போயிரும். வீட்டுக்கு வந்து, 'தினம் இந்தத் தழையை எங்க இருந்துட்டி புடிச்சிட்டு வார'ன்னு சத்தம் போட்டா, அவ பின்கட்டைப் பாத்து சிரிச்சிட்டு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் கிள்ளின செடியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இசக்கியம்மாள் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

கோமதியம்மா சேலையில் மாட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது.

சொர்ணவேல் எழுந்தார். துண்டை உதறி இடுப்பில் மடியாகக் கட்டினார். இரண்டாவது செடியிடம் குனிந்தார். நுனியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கிள்ளினார். மூன்றாவதைக் கிள்ள அவ்வளவு நேரம் ஆகவில்லை.

ஆறாவதும் முடிந்ததும் நிமிர்ந்து, அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தாயீ செண்பகம்! இன்னைக்கு எத்தனை பேருக்குச் சமையல்?"