பூவாத்தாவின் அரிசிப் பானை

அந்தக் காலத்தில் எறும்புகள் பேசும். ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு கூட்டம் குடியிருந்தது. சிந்துகிற அரிசி அவற்றின் பங்கு. "அரிசி இல்லை" என்று காதில் விழுந்தால் போதும், முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, தெருவெல்லாம் அதைச் சொல்லியபடி வாசல் வழியாக வெளியேறிவிடும். எறும்பு போன வீட்டுக்கு யாரும் உழவு மாடு இரவல் தரமாட்டார்கள்.

இரண்டு வருடம் பொய்த்த மழை ஒருநாள் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை பூவாத்தாவின் கணவன் கலப்பையோடு காட்டில் இரவல் மாட்டுக்காகக் காத்திருந்தான். வீட்டில் பூவாத்தா பானைக்குள் கைவிட்டாள். நகம் அடியில் உரசியது.

"என்ன ஆத்தா, பானை சத்தம் போடுது?" என்றது மூத்த எறும்பு.

"உனக்குக் காது ரொம்ப நீளம்."

"வாயைத் திறந்து சொல்லிடு. பிள்ளைகுட்டியோட கிளம்பணும்." எறும்பு சுற்றிலும் பார்த்தது. மூலையில், வாய் மெழுகிய விதைநெல் கலயம் இருந்தது. "இதுல ரெண்டு படி குத்தினா இன்னைக்குப் பொழுது ஓடுமே?"

"அதுல கை வெச்சா வர்ற வருசமும் இதே சத்தந்தான் கேட்கும்."

வாசலில் மணிச் சத்தம். பக்கத்துக் காட்டுச் செங்கோடன் மாடுகளோடு நின்றான்.

"அம்மிணி, மாட்டுக்குக் கழுநீர் வெக்கவாச்சும் அரிசி இருக்குதா, இல்லையா? இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடு."

அவன் கண் நிலைப்படியில் இருந்தது. அங்கே எறும்புகள் முட்டைகளோடு வரிசையாக நின்றன. பூவாத்தா வெளியே வந்தாள். அரிசி அள்ளிய கையைத் தட்டுவதுபோல வெறும் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நிறைஞ்சிருக்குதுங்கண்ணா. ஏரைப் பூட்டுங்க."

"பொய்!" என்று முனகியது ஒரு குட்டி எறும்பு.

"வாயை மூடு," என்று அதன் காதோடு சொன்னது மூத்தது. "பட்டினியிலயும் விதையைத் தொடாதவ சொல்றா. நிறைஞ்சுதான் இருக்கு. முட்டையைக் கீழே வைங்க. இனி இந்த வீட்டுச் சேதி நம்ம வாயால வெளியே போகாது."

முட்டைகள் கீழே இறங்கியதைப் பார்த்த செங்கோடன் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டினான். அந்த வருடம் காடு விளைந்தது. புது அரிசியில் முதல் கைப்பிடியை மாவாக்கி, எறும்புகள் வரிசை கட்டி நின்ற அதே வாசலில் பூவாத்தா கோலமிட்டாள். எறும்புகள் சத்தமில்லாமல் வந்து தின்றன.

அன்று முதல்தான் நம் வீட்டுப் பெண்கள் வெறும் பானையைக் கவிழ்த்து வைக்கும்போதும் "அரிசி நிறைஞ்சிருச்சு" என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். எல்லாம் தெரிந்த எறும்புகள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.