இரண்டாம் பிடி மண்

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. படத்தைத் தொகுத்தவள் வதனி. படம் பிடித்தவர் ஞானச்செல்வம். அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் தொகுப்பு வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். வாய் நிறைய ‘டீச்சர்’ என்பார்.

மதியம் ஒரு பாதிரியார் எல்லை கடந்து போகிறார். அவர் கையில் படத்தைக் கொடுக்காவிட்டால் வெளியுலகம் இதைப் பார்க்கப்போவதில்லை. ஜெனரேற்றரில் எண்ணெய் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் இருந்தது.

ஞானச்செல்வம் உட்கார்ந்தார். எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“காலிலை சில்லுப் பூட்டியிருக்கோ அண்ணை, உருண்டு திரியிறியள்?” என்று வதனி கேட்டாள்.

“ஒண்டு கேக்கோணும் டீச்சர். அந்தப் பிடி மண் காட்சி படத்திலை இருக்கலாமோ?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு.”

“அதுதான் பயமாக் கிடக்கு.”

நடந்ததைச் சொன்னார். ஷெல் விழுந்து எட்டு வயதுப் பிள்ளை ஒன்று செத்துப்போனது. தாய் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டாள். அதை அவர் எடுத்தது மங்கலாகிவிட்டது.

போருக்கு முன் அவர் கலியாண வீடியோக்காரர். மாலை சரியாக விழாவிட்டால் மாப்பிள்ளையிடம் அதைக் கழற்றி மறுபடி போடச் சொல்கிறவர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை. அந்தக் குழி ஓரத்திலும் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது:

“இன்னொருக்காப் போடுங்கோ அம்மா.”

அவள் போட்டாள்.

வதனி வெட்டாத மூல நாடாவைப் போட்டு ஓடவிட்டாள். பிடி மண் தெளிவாக விழுந்தது. படத்துக்கு ஞானச்செல்வம் காட்சியை அந்த இடத்தோடு வெட்டியிருந்தார். மூல நாடா அதைத் தாண்டி ஓடியது. தாய் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து கமராவைப் பார்த்தாள்.

“காணுமோ அண்ணை, இன்னும் போடோணுமோ?” என்று திரையிலிருந்து கேட்டாள்.

நாடா அதோடு நின்றது. ஞானச்செல்வம் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“நீங்கள் என்ன சொன்னியள்?” என்றாள் வதனி.

“நல்லா வந்திருக்கெண்டு சொன்னன்.”

அவள் நாடாவைப் பின்னால் சுற்றி முதல் தடவை எடுத்ததைப் போட்டாள். குனிந்த ஓர் உருவம், கொஞ்சம் செம்மண் நிறம். அவ்வளவுதான்.

“பதினெட்டு வருசம் கமரா பிடிச்ச ஆள். இது ஏன் இப்பிடி வந்தது?”

“கண் நிறைஞ்சு போச்சு டீச்சர். ஒண்டும் பிடிபடேல்லை.”

அவள் தெளிவான காட்சியைப் படத்திலிருந்து எடுத்தாள். அந்த இடத்தில் மங்கலானதை வைத்தாள்.

அவர் பதறி எழுந்தார்.

“என்ன வேலை செய்யிறியள்! படத்திலை வேற சாவே இல்லை. இதைப் பாத்துத்தான் வெளியிலை உள்ளவை நம்புவினம். இந்த மங்கலிலை அவைக்கு என்ன தெரியும்?”

“எடுத்த ஆள் அழுதவர் எண்டு தெரியும், அண்ணை.”