கிலுக்கை உடைத்த பாம்பு

அந்தக் காலத்தில், பாம்பும் பறவையும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ஒரு சத்தியம் இருந்தது. வால் நுனியிலிருக்கும் கிலுக்கை ஆட்டி எச்சரிக்காமல் எவரையும் கடிப்பதில்லை. நடுக்கடலில் கள்ளியும் கல்லுமாய்க் கிடந்த ஒரு தீவிலும் அதே சத்தியம்தான். அங்கே கிலுக்கி என்றொரு தாய்ப்பாம்பு எலி பிடித்து, தன் மூன்று குட்டிகளை வளர்த்துவந்தது.

பக்கத்துப் புதரில் கூடு கட்டியிருந்த குருவிக்குக் கிலுக்கியிடம் பயமே கிடையாது. "உன் வால் சத்தம் கேக்காத வரைக்கும் எனக்கென்னக்கா கவலை? அந்தத் தைரியத்துலதான் குஞ்சுகளத் தூங்க வைக்கிறேன்" என்று சொல்லும். கேட்கக் கேட்கக் கிலுக்கிக்குப் பெருமையாக இருக்கும்.

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. எலிகள் அற்றுப்போயின. மிச்சம் பறவைகள்தான். கிலுக்கி வாலை ஆட்டும், பறவை பறந்துவிடும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். கிலுக்கிக்கு ஒன்பது பறந்தும் சத்தியம் மட்டும் பறக்கவில்லை, மூத்த குட்டி பசியால் சாகும்வரை.

"இன்னிக்கும் ஒண்ணுமில்லையாம்மா?" என்று கடைக்குட்டி கேட்டது.

அன்று சாயங்காலம் கிலுக்கி தன் வாலைக் கள்ளிநாரால் இறுகச் சுற்றிக்கொண்டு புதரில் ஏறியது. இலை மறைவில் ஓர் இறகு அசைந்தது. யாரென்று பார்க்காமலே கிலுக்கி கடித்தது. பார்த்தால் கடிக்க முடியாது என்று அதற்குத் தெரியும்.

"அக்கா... சத்தமே கேக்கலையே" என்றது குருவி, ஏதோ தான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டதைப் போல. பிறகு கழுத்து சாய்ந்துவிட்டது.

இரண்டு குட்டிகளும் தின்றன. கிலுக்கி தொடவில்லை. மேலே கூட்டில், பறக்கும் பருவத்துக் குஞ்சுகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சத்தம்தான் கேட்கவில்லையே, எதற்கு விழிக்கப் போகின்றன? நாளைக்கும் பசிக்கும். நாளைக்கும் இதையேதான் செய்வோம் என்பது கிலுக்கிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இனி இந்தச் சத்தத்த நம்பி யாரும் தூங்க வேண்டாம்" என்று சொல்லி, நாரை அவிழ்த்துவிட்டு, வாலைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்தது. கிலுக்கு உடைந்து, சரிவில் கலகலவென்று உருண்டோடியது. குஞ்சுகள் திடுக்கிட்டு விழித்துப் பறந்தன.

அன்று முதல்தான் அந்தத் தீவின் கிலுகிலுப்பைப் பாம்புக்கு வாலில் கிலுக்கு இல்லை, அங்குள்ள குருவிகளும் எவ்வளவு அமைதியிலும் அயர்ந்து தூங்குவதில்லை.