பதினெட்டாவது ரிவிட்

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் கூடியிருந்தார்கள். வழக்கமாக நாலு பேர்தான்.

ஜெசிந்தா தன் மேசையில் இருந்த பிளாஸ்டர் தாடைகளை ஒரு ஓரமாக ஒதுக்கி இடம் செய்தார். திருச்சி தென்னூரில் ஒரு மாடி அறை அது. வார நாட்களில் அவர் அங்கே செயற்கைப் பற்கள் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவர்கள் அங்கே வந்தார்கள். ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தாறு. அவரைவிட இருபத்தைந்து வயது மூத்தவர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்த பேர். பிறகு கேலி போய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது.

அப்பாஸ் மூடியைத் தூக்கினார்.

ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப்போரின் சண்டை விமானம், முப்பத்திரண்டில் ஒரு பங்காக. இறக்கை விரித்தால் ஒன்றரைச் சாண் வரும். அங்கிருந்த எல்லோருமே ஒரு ஸ்பிட்ஃபயராவது ஒட்டியவர்கள். இருந்தும் எல்லோரும் மேசையை நெருங்கி வந்தார்கள்.

செல்போன் பழுதுபார்க்கும் அப்பாஸ் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"யப்பா. சீட் பெல்ட் பக்கிள்ல ஓட்டை இருக்கு."

"என் ஸ்கூட்டர் சீட்டுலயும் இருக்கு, பெரிய ஓட்டை," என்றார் இளங்கோ.

யாரும் சிரிக்கவில்லை. இளங்கோவே சிரிக்கவில்லை. அவர் இறக்கைத் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் வழவழப்பாக இருந்த பிளாஸ்டிக்கில் தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதல் தூறல் விழுந்த மணல் மாதிரி இருந்தது.

சபரிநாதன் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். பிறகுதான் தொட்டார்.

கடைசியில் எல்லோரும் வதனம் சாரைப் பார்த்தார்கள்.

பெட்டி அவருடையது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர் அவர். முழுப் பெயர் சுந்தரவதனம். வால்வு தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப் பெட்டி எது வந்தாலும் அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பார். மூல விமானத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டு ரிவிட்டுகளை எண்ணுவார். பிழைகளை ஒரு நீள நோட்டில் எழுதுவார். பக்கத்தின் அடியில், வேலையிலிருந்து கொண்டுவந்த பழைய ரப்பர் முத்திரையைக் குத்துவார். ‘தள்ளுபடி’ என்று விழும். வீட்டில் அறுபத்து மூன்று பெட்டிகள் இருந்தன. நோட்டில் அறுபத்து மூன்று பக்கம். ஒன்றையும் அவர் ஒட்டியதில்லை.

"ரிவிட் சார், இத ஒண்ணையாவது விட்டுவைங்க," என்றார் அப்பாஸ்.

வதனம் சார் மூடியைப் போட்டார். அவர் முகம் வெளிறியிருந்ததை மாஸ்டர் கவனித்தார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், அவர் தனியாக வந்தார். பெட்டி ஒரு கையில், துணிப்பை ஒரு கையில்.

மாஸ்டர் மெழுகில் பல் வரிசை வைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார். எத்தன பிழை?"

"ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"மூணு வாரம் பாத்தேன் மாஸ்டர். இறக்கை சரி. மூக்கு சரி. டயர்ல எழுத்துகூட சரி. ரிவிட் மூணு தடவை எண்ணிட்டேன். நோட்டுல பக்கம் காலியா கெடக்கு."

"நல்லதுதானே."

"நல்லதா?" அவர் பெட்டியை மேசையில் வைத்தார். "இத நீங்களே வெச்சுக்குங்க. மத்த அறுபத்து மூணையும் சங்கத்துக்கு எடுத்துக்குங்க. நான் இனிமே வரல."

"ஏன்?"

அவர் ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து விளிம்பை விரலால் தடவினார்.

"இத்தன நாளும் பெட்டில பிழை இருந்துச்சு. அதனால ஒட்டல. வீட்டுல கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். இப்ப என்ன சொல்றது? வேலைல முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் செஞ்சத அளந்தேன். இங்க வந்தும் அதத்தான் செஞ்சேன். என் கையால ஒரு சாமான் செஞ்சு வெச்சேன்னு ஒண்ணு கிடையாது, மாஸ்டர். இவ்வளவு அழகா ஒண்ணு வந்திருக்கு. அதை நான் தொட்டா கெட்டுடும்."

"கெடுமா?"

"கெடும். எனக்குத் தெரியும்."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். இடது இறக்கையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும், துண்டுகள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து அவர் முன் வைத்தார். ஒரு சின்ன பாட்டிலையும் தூரிகையையும் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் மாதிரி இருக்கும் பசை. பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும்.

"இது ரெண்டையும் சேத்துட்டுப் போங்க. அப்புறம் வராதீங்க."

"நானா?"

"எனக்குப் பல் வேலை இருக்கு."

அவர் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்தார். கை நடுங்கியது. தூரிகையைத் தொட்டு இடுக்கில் வைத்தார். பசை தானாக ஓடியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை தொட்டார். இடுக்கு மறைந்தது. இரண்டு ஒன்றானது. அவருக்கே தெரியாமல் அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

விரலை எடுத்தார்.

மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

"போச்சு," என்றார் வதனம் சார்.

பசை இடுக்கு வழியாக ஓடி அவர் கட்டைவிரலுக்கு அடியில் போயிருந்தது. இறக்கையின் மேல்பக்கத்தில் ரேகை அப்படியே உருகிப் பதிந்திருந்தது. இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. பதினேழு வருடமாக அடுத்தவர்களின் விமானங்களில் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"பதினோரு ரிவிட் அழிஞ்சுபோச்சு," என்றார். "நான் சொன்னேன்ல."

மாஸ்டர் எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். பிரித்தார். இரண்டு கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு. ஓரங்கள் கிழிந்திருந்தன. ஒரு மூலையில் கோழி எச்சத்தின் வெள்ளைக் கறை.

"என்ன இது?"

"ஒரு பெரியவர் பல் செட்டுக்கு அளவு குடுக்க வந்தார். நடக்க முடியாதவர். செட்ட மாட்டிவிட நான் அவர் ஊருக்கே போனேன். போர்க் காலத்துல அங்க ஒரு ஓடுபாதை இருந்துச்சாம். இது அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மூடியா இருந்துச்சு. புதுத் தகரம் வாங்கிக் குடுத்துட்டு எடுத்துட்டு வந்தேன்."

வதனம் சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தகட்டைத் திருப்பவில்லை, தூக்கவில்லை. ரிவிட்டுகள் போன வழியில் கண்ணை ஓட்டினார்.

"ஸ்பிட்ஃபயர்," என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நிச்சயமாத் தெரியல."

"எனக்குத் தெரியும். இடது இறக்கை. அடிப்பக்கம். சக்கரம் மடங்குற எடத்துக்குப் பக்கத்துல."

அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. அன்று சபரிநாதன் செய்ததைப் போலவே எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு விரலை மட்டும் தகட்டின் மேல் வைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட விமானங்களின் வரைபடம் மனப்பாடமாகத் தெரிந்தவர், நிஜ விமானம் ஒன்றைத் தொடுவது இதுதான் முதல் தடவை. விரல் ஒரு ரிவிட்டிலிருந்து அடுத்த ரிவிட்டுக்கு நகர்ந்தது.

"எண்ணுங்க சார்," என்றார் மாஸ்டர்.

"எண்ணணுமா? பதினேழு. இந்த வரிசைல பதினேழு."

"எண்ணுங்க."

எண்ணினார். நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பதினெட்டு இருக்கு."

"ம்."

"இருக்கக் கூடாது." அவர் லென்ஸை எடுத்துக் குனிந்தார். "இங்க பாருங்க. இத வரிசைய விட்டு வெளிய அடிச்சிருக்காங்க. ட்ரில் நழுவிருக்கு. அப்புறம் பக்கத்துல சரியா இன்னொண்ணு. தப்ப மறைக்கக்கூட இல்ல, அப்படியே விட்டிருக்காங்க."

"அடிச்சவர் கையும் நடுங்கிருக்கும்."

"அடிச்சவன விடுங்க மாஸ்டர். இத செக் பண்ணவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

மாஸ்டர் தகட்டைத் திருப்பி வைத்தார்.

உள்பக்கம் வெயில் படாத பக்கம். பச்சை வண்ணம் அங்கங்கே உரியாமல் இருந்தது. பதினெட்டாவது ரிவிட்டின் நசுங்கிய பின்முனை மற்றவற்றைவிட்டு விலகித் தனியாக நின்றது. அதற்கு நேர் கீழே, நகத்தளவு வட்டம் ஒன்று. அதற்குள் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும். மை பழுப்பாகிவிட்டிருந்தது. ஆனால் அழியவில்லை.

வதனம் சாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் அவர் சட்டைப்பையில் அப்படி ஒன்று இருந்தது.

"பரிசோதகர் முத்திரை," என்றார்.

"ஆமா."

"பாத்திருக்கான். பாத்துட்டுத்தான் குத்திருக்கான். நேரா அதுக்குக் கீழயே குத்திருக்கான்."

"அப்படித்தான் தெரியுது."

"எப்படி பாஸ் பண்ணான்?"

"அவரத்தான் கேக்கணும்."

வெளியே தெருவில் பழ வண்டிக்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். சத்தம் தேய்ந்து மறையும்வரை வதனம் சார் தகட்டின் மேல் குனிந்தே இருந்தார். அவர் மூச்சுப் பட்டு அலுமினியத்தில் ஒரு சிறு மூட்டம் படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

"இது பறந்துதா?" என்று கேட்டார்.

"அந்த ஊர் வரைக்கும் பறந்து வந்திருக்கே சார்."

அவர் மெல்ல நிமிர்ந்தார். துணிப்பையிலிருந்து நீள நோட்டை எடுத்தார். காலிப் பக்கத்தைத் திறந்து, பேனாவை எடுத்து, தன் வழக்கமான சின்ன எழுத்தில் எழுதினார்: இடது இறக்கை, மேல்பக்கம், கட்டைவிரல் ரேகை ஒன்று. பதினோரு ரிவிட் இல்லை.

பிறகு பையில் கைவிட்டு இரண்டு ரப்பர் முத்திரைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றின் கைப்பிடி தேய்ந்து கறுத்திருந்தது. ‘ஏற்பு’ என்று பொறித்த இன்னொன்றின் ரப்பர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து மை காணாமல் வெளுத்துக் கிடந்தது.

மாஸ்டர் திரும்பவும் பல் வரிசைக்குப் போயிருந்தார். வைத்திருந்த முன்பல் இரண்டில் ஒன்றை ஊசி முனையால் கொஞ்சம் கோணலாக்கினார். தள்ளி வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கோணலாக்கினார்.

வதனம் சார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறக்கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ரிவிட்டுகள் வரிசை வரிசையாக மேலே வந்தன. ஓரிடத்தில் மட்டும் வரிசை நின்று, ரேகை சுழன்று, அந்தப் பக்கம் வரிசை தொடர்ந்தது.

"மாஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"இது போகலாமா?"

மாஸ்டர் பல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் நீங்கதானே."