கவளம் உருட்டினவன் முதல் வாய்

ஒரு ஐப்பசி மாசம், ஒன்பது யானை வச்சிருந்த ஒரு ராஜா ஊர்ல, எல்லப்பன்னு ஒருத்தன் இருந்தான். யானைகளுக்கு அரிசிச் சோத்துக் கவளம் உருட்டுறது அவன் வேலை. அந்த யானைக் கொட்டடியில ஒரு வழக்கம் உண்டு. உருட்டினவன் முதல் வாய் தின்னு காட்டணும், அப்புறம்தான் யானைக்கு. ஒருநாள் தின்னான், வாயெல்லாம் உமி. மறுநாளும் உமி. அதுக்கு மறுநாளும் உமி. அரிசி எங்கே போச்சு? கொட்டடி அதிகாரி கோதண்டராயரோட மச்சான் மண்டிக்குப் போச்சு. வெள்ளையம்மாங்கற கிழ யானை வயித்துவலியில படுத்துடுச்சு.

எல்லப்பன் நேரா ராஜாகிட்டப் போய்ச் சொல்லிட்டான்.

"விசாரிக்கிறேன். சொன்னதுக்காக உன்னை யாரும் வேலையை விட்டு நீக்கக் கூடாது"ன்னார் ராஜா.

ராயர் நீக்கலை, புள்ளைங்களா. முதல்ல சாணி அள்ளச் சொன்னார். "ஏன் சாமி?"ன்னான். "நீக்கினேனா?"ன்னார். அப்புறம் புல் அறுக்கக் காட்டுக்கு அனுப்பினார். "நீக்கினேனா?" அப்புறம் எல்லைக் கோட்டைக்குப் போடான்னார்.

"அங்கே யானையே இல்லையே சாமி!"

"உன்னை நீக்கினேனாடா?"

இதைப் பார்த்த பாகனுங்க ஒருத்தனும் கவளம் உருட்ட வரலை. தின்னா உமி, சொன்னா எல்லைக் கோட்டை. ஒருத்தனுக்குக் கை சுளுக்கு, ஒருத்தனுக்கு மாமியார் சாவு, கல்யாணமே ஆகாத ஒருத்தனும் மாமியார் சாவுன்னான். சிரிக்காதீங்க, கேளுங்க. கடைசியில ராயரே உட்கார்ந்து உருட்டினார். அன்னிக்குன்னு பார்த்து ராஜா சொல்லாம கொள்ளாம வந்து நின்னார். வெள்ளையம்மாகிட்டச் சொல்லிட்டுப் போக மூட்டையோட வந்த எல்லப்பன், தூணோரம் ஒதுங்கினான்.

"ராயரே, முதல் வாய்?"

"இன்னிக்கு விரதம், மகாராஜா."

"யானைக்கு விரதம் இல்லையே. தின்னும்."

ராயர் மென்னார், மென்னார், மென்னார். முழுங்க முடியலை. துப்பின உமி ராஜா செருப்பு மேல விழுந்தது.

தூணோரம் மூட்டையோட நின்ன எல்லப்பன், எல்லைக் கோட்டைக்குப் போறதை ராஜாகிட்டச் சொன்னான்.

"ராயரே, எல்லப்பனை எதுக்கு எல்லைக்கு அனுப்புறீர்?"

"நிர்வாகக் காரணம், மகாராஜா."

"அவன் புகார் சொல்ற வரைக்கும் அந்தக் காரணம் எங்கே இருந்துச்சு?"

ராயர் குனிஞ்சு, ராஜா செருப்பு மேல இருந்த உமியைத் துடைக்க ஆரம்பிச்சார்.

அன்னிக்கே முரசு அறைஞ்சாங்க. தப்பைச் சொன்னவனை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, இடம் மாத்தக் கூடாது. மாத்தினா, புகாருக்காக மாத்தலைன்னு மாத்தினவர்தான் நிரூபிக்கணும்.

தை மாசம் மூணாம் தேதி வெள்ளையம்மா எழுந்து, எல்லப்பன் கையால கவளம் வாங்கித் தின்னுச்சு. அதே நாள் ராயர் எல்லைக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே யானை இல்லை.