முதல் மரக்காலுக்கு என்ன பேர்?

ரொம்ப காலத்துக்கு முன்னால, கடலோரமா அலைவாய்நாடுன்னு ஒரு சீமை. அதை ஆண்டவன் மழவராயன். நல்லவன்தான், ஆனா காதுல கடைசியா யார் ஓதினாங்களோ அவங்க பேச்சுதான் சட்டம்.

அந்த அரண்மனையில நெல் அளக்கிறவன் கொளஞ்சி. களத்துல மரக்கால்ங்கிற அளவுப் பாத்திரத்தால நெல் அளக்கிறவங்க ஒண்ணுன்னு தொடங்க மாட்டாங்க. முதல் மரக்காலை "லாபம்"னு மங்கலமா சொல்லிட்டு, அப்புறம்தான் "ரெண்டு, மூணு". கொளஞ்சி அதை ராகம் போட்டுச் சொல்வான். ராஜாவே வந்து நின்னு கேட்பார். அதைப் பார்த்துக் கிடங்கதிகாரி ஏகாம்பரத்துக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் அக்கரைத் தேசத்துல பஞ்சம். கப்பல் கப்பலா நெல் வாங்கினாங்க, இங்கே விலை ஏறிடுச்சு. நகரத்து ஜனங்க முணுமுணுத்தாங்க. ஏகாம்பரம் ராஜா காதைக் கடிச்சார்.

"அரசே, எல்லாம் குடியானவன் பேராசை. துறைமுகத்தைப் பூட்டுங்கள். நெல்லைப் பொறுத்தவரை லாபம் என்ற சொல்லையே எவனும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் மொட்டை!"

தண்டோரா போட்டாச்சு. நெல் விலை படுத்துடுச்சு. அறுப்புக் கூலிக்குக்கூடக் கட்டலை. "நம்ம வயித்துக்கு மட்டும் நட்டாப் போதும்"னு குடியானவங்க முக்கால்வாசி நிலத்தைத் தரிசாப் போட்டுட்டாங்க. கொளஞ்சி கணக்குப் போட்டுப் பார்த்தான். அடுத்த வருஷம் நாடே பட்டினி கிடக்கும். ராஜாகிட்ட நேரா சொன்னா தலை போகும். சொல்லாம இருக்கவும் மனசு வரலை.

அதிகாரிகளுக்குச் சம்பளம் நெல்லா அளக்கிற நாள் வந்தது. ராஜா வந்து உட்கார்ந்தார். முதல் ஆள் ஏகாம்பரம், அவருக்குப் பன்னிரண்டு மரக்கால். கொளஞ்சி முதல் மரக்காலைக் கொட்டி, ராகமா இழுத்தான்: "ரெண்டே... ரெண்டு!"

ஏகாம்பரம் குதிச்சார். "அடேய் திருட்டுப்பயலே! லாபம் எங்கேடா? என் லாபத்தை விழுங்கிட்டியே!"

சபையே ராஜாவைத் திரும்பிப் பார்த்துச்சு.

"என்ன சொன்னீர்?" என்றார் ராஜா.

ஏகாம்பரம் ரெண்டடி பின்னால நகர்ந்தார். "அரசே, அது... அது வெறும் எண்ணிக்கை..."

ராஜா கொளஞ்சி பக்கம் திரும்பினார். "நீ ஏன் ரெண்டில் தொடங்கினாய்? அளவில் குறைத்தால் கை போய்விடும், தெரியுமா?"

"தெரியும் மகாராஜா. முதல் மரக்காலோட பேரைத்தான் நீங்க தடுத்திட்டீங்க. ஒண்ணுன்னு தொடங்க எங்க பரம்பரையில வழக்கமில்லை. அதான் அதை விட்டுட்டேன். ஒரு மரக்கால் குறைஞ்சதுக்கே ஐயாவுக்கு இப்படிப் பொறுக்கலையே, அந்த முதல் மரக்கால் ஒரு வருஷம் பூரா கிடைக்காத குடியானவன் எதுக்கு நாத்து விடுவான்?"

"நாற்று விடவில்லையா?" ராஜா எழுந்தே நின்னுட்டார்.

"முக்கால்வாசி நிலம் தரிசுங்க."

"துறைமுகத்தைத் திறந்தால் நகரத்து ஏழை என்ன செய்வான்?"

"கிடங்குல நெல் குவிஞ்சு கிடக்கு மகாராஜா. அதை அவங்களுக்கு மலிவா அளந்து விடுங்க. மிச்சம் கப்பலேறட்டும். நாளைக்கு நமக்கு மழை பொய்ச்சா, வெளிநெல்லும் அந்தத் துறைமுகம் வழியாத்தானே வரணும்?"

தப்பு தன்னோடதுன்னு ராஜாவுக்கு உறைச்சுது. பிறகு சொன்னார்: "சட்டம் இன்று மாலையோடு ரத்து. மாலைக்கு இன்னும் நேரமிருக்கிறது. நாவிதரைக் கூப்பிடுங்கள்."

கொளஞ்சிக்குப் பட்டும், கிடங்குச் சாவியும் கிடைச்சுது. அந்த வாரமே வயல்ல தண்ணி பாய்ஞ்சுது. ஏகாம்பரத்துக்குத் துறைமுகத்துல வேலை. கப்பலேத்தற ஒவ்வொரு குவியலுக்கும் முதல் மரக்காலை அவர்தான் கூவணும்.

மொட்டைத் தலை வெயில்ல பளபளக்க, "லாபம்"னு அவர் முனகுவார்.

குடியானவங்க காதுக்குப் பின்னால கையை வச்சுக்கிட்டுக் கேட்பாங்க: "சரியா விழலைங்களே ஐயா, இன்னொரு தடவை?"