பிலோமினாவோட படபடப்பு

ஒரு ஊர்ல ஒரு பிலோமினா இருந்தா. கடலோர ஊரு. கடகட கடகடன்னு ஜாக்கெட் தைக்கிறவ. வீட்டுக்காரர் இறந்துட்டாரு, மகன் கப்பல்ல வேலைக்குப் போயிட்டான். ரெண்டு தெரு தள்ளிக் கூடப்பிறந்த தங்கச்சி புஷ்பம் இருந்தா. ஆனா ஆறு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. கேக்குறியா?

ம்.

புஷ்பத்தோட மக கல்யாணத்துல எல்லாரையும் போட்டோவுக்குக் கூப்பிட்டாங்களாம், பிலோமினாவை மட்டும் கூப்பிடல. அதையே நெனச்சு நெனச்சு அவளுக்குத் தூக்கம் போச்சு.

அப்புறம் ஒருநாள் தைக்கும்போதே நெஞ்சு படக் படக்னு அடிச்சுது, உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா. டாக்டரம்மா பிரஷர் ஜாஸ்தின்னு மாத்திரை குடுத்தாங்க, உப்பைக் குறைங்க, நடங்கன்னாங்க. எல்லாம் செஞ்சா. ஒரு மாசம் கழிச்சும் பிரஷர் எறங்கல.

அப்போ டாக்டரம்மா கேட்டாங்க, "யாரோட உக்காந்து சாப்பிடுறீங்க?"

"தனியாத்தான் டாக்டர். தங்கச்சி இருக்கா, பேச்சில்ல"ன்னா பிலோமினா.

"மாத்திரையை விட்றாதீங்க. ஆனா மனசுல ஒரு பாரத்தை வச்சுக்கிட்டுத் தனியாவே கெடந்தா நெஞ்சும் சேந்துதாம்மா கஷ்டப்படும்."

அப்புறம் பிலோமினா தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பினா. மொத நாள் தெருமுனையில நாய் லொள் லொள்னுச்சு, அதையே சாக்கா வச்சுத் திரும்பிட்டா. மறுநாள் வாசல் வரைக்கும் போனா. உள்ள புஷ்பம் கலகலன்னு சிரிக்கிற சத்தம். 'நான் இல்லாம நல்லாத்தான் இருக்கா'ன்னு கோவம் பொத்துக்கிட்டு வர, விறுவிறுன்னு வந்துட்டா. மூணாம் நாள் கண்ணை மூடிக்கிட்டு டொக் டொக்னு தட்டிட்டா.

ம்...

கதவு தெறந்துச்சு. புஷ்பம் அப்படியே நின்னா. "என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

"போட்டோவுக்கு ஏன்டி என்னைக் கூப்பிடல?"

"நீ கொல்லைப்பக்கம் நின்னு அழுதுக்கிட்டிருந்த. அப்போ அத்தான் போய் மூணு மாசந்தான் ஆகியிருந்துச்சு. அழுத மூஞ்சியோட எப்படிக்கா இழுத்துட்டு வர்றது?"

"அதைச் சொல்லியிருக்கலாம்ல!"

"நீ கேட்டிருக்கலாம்ல!"

அரை மணி நேரம் சண்டை. அப்புறம் ரெண்டு பேரும் ஓன்னு அழுதாங்க. அப்புறம் புஷ்பம் சோத்தைப் போட்டு மீன் கொழம்பை ஊத்தினா. "உப்பு கம்மியாடி?"ன்னு கேட்டுட்டு, பிலோமினா ரெண்டு தட்டு சாப்பிட்டா. அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினா.

ரெண்டு மாசம் கழிச்சு பிரஷர் எறங்கியிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த புஷ்பத்தையும் டாக்டரம்மா உக்கார வச்சு, கையில பட்டையைச் சுத்தி, புஸ் புஸ்னு காத்தடிச்சு பிரஷர் பாத்தாங்க. பாத்தா, அக்காவுக்கு இருந்ததவிட ஜாஸ்தி!

"எத்தனை நாளாம்மா தூக்கமில்ல?"

"ஆறு வருஷமா டாக்டர்."

பிலோமினா தங்கச்சி கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. "எழுதிக் குடுங்க டாக்டர். இவளுக்கு மாத்திரை நான் குடுக்குறேன்"னா.

அவ்வளவுதான்டா செல்லம். அக்காவும் தங்கச்சியும் வீட்டுக்குப் போயாச்சு, நீயும் கண்ணை மூடிக்கோ.